எட்டு மாத்திரையும் ஒரு மாத்திரையும்

(பென்னாகரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். வேர்த்துக் கொட்டுகிறது. இடது கை கனக்கிறது. வீட்டில் சோடா கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், வாயு என்று நினைத்து ஒரு மணி நேரம் போயிருக்கிறது. ஈசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்று தெரிகிறது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப 108 வண்டிக்குச் சொல்லிவிட்டு, செவிலியர் அவர் உள்ளங்கையில் பதினான்கு மாத்திரைகளை வைக்கிறார். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு. குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் நான்கு. அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு. இதுதான் 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம். ஆரம்ப சுகாதார நிலையம் மட்டுமல்ல, கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலும் இந்த மாத்திரைகள் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கோட்டூர் மலையிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வந்த கதைகளை அறிந்த ஊர் இது. தூரம் உயிரைக் குடிக்கும் என்று உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்துப் போட்ட திட்டம் என்பதால் இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

முதல் இரண்டு மருந்தின் வேலை எல்லோருக்கும் எளிதில் விளங்கும். ரத்தம் மேலும் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் பதினான்கில் எட்டு, அதாவது பாதிக்கு மேல், கொழுப்பு மாத்திரை. நெஞ்சு வலிக்கிற நேரத்தில் கொழுப்பு மாத்திரை எதற்கு? ரத்தத்தில் உள்ள கொழுப்பு ஒரு மணி நேரத்தில் இறங்கப் போவதில்லையே? நியாயமான கேள்வி. ரத்தக் குழாயின் உள்சுவரில் வெடித்துப் புண்ணாகிக் கிடக்கும் கொழுப்புப் படிவைத் தணிக்க இந்த மருந்து உதவும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று: அன்றே தொடங்கினால்தான் அவர் அதன்பின் தொடர்வார். அந்த எட்டு மாத்திரை ஒரு நாளைக்கு உரியது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் விழுங்க வேண்டிய ஒரு மாத்திரை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இன்னும் சொல்லப்போனால், நெஞ்சு வலி வருவதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய மாத்திரை அது.

கொழுப்பு எப்படிக் கெடுதல் செய்கிறது என்பதை மற்ற ஊர்களில் விளக்குவது கடினம். தருமபுரி மாவட்டத்தில் அப்படியில்லை. இந்த மண்ணின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் கெடுதல் என்று கணக்கு. குடித்த அன்று யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, தாகம் தீர்ந்தது. பத்து வருடம், இருபது வருடம் குடித்த பிறகுதான் பல் பழுப்பேறியது, முழங்கால் மடங்க மறுத்தது, முதுகு குனிந்தது. அளவும் ஆண்டும் சேர்ந்து செய்த வேலை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அந்தத் தண்ணீர் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளையின் பல்லையும் எலும்பையும் காப்பாற்றுகிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கொழுப்பும் இப்படித்தான். எத்தனை அதிகம் என்பது பாதி, எத்தனை ஆண்டு என்பது மீதி.

இளம் வயதிலேயே இது தொடங்கிவிடுகிறது. கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயத்தை அறுத்துப் பார்த்து 1953-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு இதயக் குழாயில் படிவு தொடங்கியிருந்தது. அவர்களில் ஒருவரும் நெஞ்சு வலி என்று படுத்தவர் இல்லை, போர்முனையில் நின்றவர்கள்.

இப்போது பரிசோதனைச் சீட்டுக்கு வருவோம். ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தால் ஒரு தாள் தருவார்கள். அதில் நான்கைந்து எண்கள். பலரும் முதல் வரியில் இருக்கும் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு, ‘இருநூறுக்குக் கீழே, நல்லது’ என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். அது போதாது. ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 228, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 200. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 40. 228-லிருந்து 38-ஐயும் 40-ஐயும் கழியுங்கள், 150 வரும். அதுதான் எல்டிஎல். பெரும்பாலான ஆய்வகங்கள் எல்டிஎல்லை இந்தக் கணக்கில்தான் எழுதுகின்றன. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்க வேண்டும். இன்னொரு எண்ணும் முக்கியம். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது 190. குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாவற்றின் கூட்டுத்தொகை அது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

இந்த 150 அதிகமா, குறைவா? ஆளைப் பொறுத்தது. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் முதன்முறையாக நம் நாட்டுக்கென்று கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சாதாரண ஆளுக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றால் அதிக ஆபத்தில் இருப்பவருக்கு 70-க்குக் கீழே. ஏற்கனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 55-க்குக் கீழே. ஆய்வகத் தாளில் ‘இயல்பு’ என்று அச்சிட்ட எல்லை ஒன்றே ஒன்று, ஆனால் ஆபத்து ஆளுக்கு ஆள் வேறு. ஸ்டென்ட் வைத்தவர் 95 என்ற எண்ணைக் காட்டி ‘நார்மல்தானே?’ என்றால், அவருக்கு அது நார்மல் இல்லை. அதே வழிகாட்டுதல், முதல் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை என்றும் சொல்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் பசியோடு காத்திருக்க முடியாமல் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு இது நல்ல செய்தி.

இந்த எண்ணை இறக்கும் மருந்து எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஜப்பானின் வடக்கே அகிதா என்ற பகுதியில், விவசாயக் குடும்பத்தில் 1933-ல் பிறந்தவர் அகிரா எண்டோ. காளானும் பூஞ்சையும் அவருக்குச் சிறு வயதிலிருந்தே வியப்பு. பென்சிலின் பூஞ்சையிலிருந்து கிடைத்தது என்பது அவரைப் பிடித்து ஆட்டியது. பூஞ்சை தன்னைத் தாக்க வரும் கிருமிகளைக் கொல்லப் பொருள்களைச் சுரக்கிறது என்றால், அவற்றில் ஏதோ ஒன்று கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கக்கூடும் என்று நினைத்தார். 1971-ல் தேட ஆரம்பித்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சை வகைகளை ஒவ்வொன்றாக வளர்த்து, ஒவ்வொன்றின் சாற்றையும் சோதித்தார். 1973-ல் கியோட்டோ தானியக் கடை ஒன்றின் அரிசியில் படிந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அவர் தேடியது கிடைத்தது. அரிசியில் பூத்த பூஞ்சை! நம் வீட்டில் அதைக் கண்டால் முகம் சுளித்துக் கொட்டிவிடுவோம்.

அடுத்து வந்த தடையைப் பாருங்கள். எலிக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. எலியில் வேலை செய்யாத மருந்தை எந்த நிறுவனமும் குப்பையில்தான் போடும். எண்டோவுக்கு மனம் ஒப்பவில்லை. முட்டையிடும் கோழியின் மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் நிறைய இருக்கிறது, அப்படியானால் கோழியின் உடம்பு அதை ஏராளமாக உற்பத்தி செய்ய வேண்டுமே என்று யோசித்து, சக ஊழியர் ஒருவரிடமிருந்த கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் பாதியாகச் சரிந்தது. அந்தக் கோழிகள் இல்லாவிட்டால் இந்த மருந்துக் குடும்பமே இல்லை. பிறகு அமெரிக்காவில் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டின் 1987-ல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதன்பின் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று வரிசையாக வந்தன. எண்டோவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2024 ஜூன் 5-ல் தம் 90-வது வயதில் மறைந்தார்.

மருந்து என்ன செய்கிறது? நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. உடம்பே செய்துகொள்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. ஸ்டாட்டின் என்ற இந்த வகை மாத்திரை அந்த உற்பத்தியின் ஒரு படியைத் தடுக்கிறது. கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் பற்றாக்குறை ஆகிறது. உடனே அது தன் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்திழுக்கும் ஏற்பிகளைக் கூடுதலாக முளைக்க விடுகிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் கல்லீரலுக்குள் போய்விடுகிறது. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த அமெரிக்கர்கள் மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, மாத்திரை கொழுப்பைக் கரைப்பதில்லை. கல்லீரலையே வேலை வாங்குகிறது.

அந்த 150-க்குத் திரும்புவோம். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எல்டிஎல்லை ஏறத்தாழ 37 சதவீதம் குறைக்கும், 150 என்பது 95 ஆகும். 40 மில்லிகிராம் கிட்டத்தட்டப் பாதியாக்கும், 77 பக்கம் வரும். அப்படியானால் 80 கொடுத்தால் இன்னும் பாதியா? இல்லை. மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கிடைப்பது ஆறு சதவீதம் மட்டுமே. 77 என்பது 68 ஆகும், அவ்வளவுதான். அதனால் இலக்கு எட்டாதபோது அளவை ஏற்றிக்கொண்டே போகாமல் எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். இது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மருந்து. மீதி எல்டிஎல்லில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கும். இதோடு டிரைகிளிசரைடும் ஓரளவு குறையும், எச்டிஎல் மிகச் சிறிது ஏறும். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கி, ஆறு வாரத்துக்குள் முழுப் பலன் தெரிந்துவிடும். எனவே மாத்திரை தொடங்கி ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மூன்றாம் நாளே போய்ப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு வருடமாகப் பார்க்காமலே விழுங்குவதும் தவறு.

இதற்கும் மேலே ஊசிகள் இருக்கின்றன. கல்லீரலின் ஏற்பிகளை அழிக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தை முடக்கும் ஊசிகள் 2015-ல் அனுமதி பெற்றன, எல்டிஎல்லை 60 சதவீதம் வரை இறக்குகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்கிளிசிரன் என்ற ஊசியும் வந்துவிட்டது. நம்மில் பலருக்கு இவற்றின் விலை எட்டாது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அவை தேவையும் இல்லை.

எண்கள் இறங்கினால் உயிர் பிழைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. 1994 வரை உலக மருத்துவர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோய் உள்ள 4,444 பேரை இரு பிரிவாக்கி, பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டாட்டின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஐந்து ஆண்டுக்கு மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரைப் பிரிவில் 256 பேர் இறந்தார்கள். மருந்துப் பிரிவில் 182 பேர். அன்றோடு சந்தேகம் தீர்ந்தது. பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஒரு கணக்கு உறுதியானது. எல்டிஎல் 39 இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 150-லிருந்து 75-க்கு வந்தால் ஆபத்து ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைகிறது.

ஆனால் எந்த எண்ணை மாற்றினாலும் பலன் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ‘நல்ல கொழுப்பு’ என்று சொல்லும் எச்டிஎல்லை ஏற்றினால் நல்லது என்று நயாசின் கொடுத்துப் பார்த்தார்கள். தாளில் எண் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை வெகுவாக ஏற்றியது, ஆனால் அதை உட்கொண்டவர்களில் அதிகம் பேர் இறந்ததால் 2006-ல் ஆய்வையே நிறுத்தினார்கள். டிரைகிளிசரைடை இறக்கும் ஃபெனோஃபைப்ரேட்டும் அப்படித்தான். அதை ஸ்டாட்டினோடு சேர்த்துச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த பெரிய ஆய்வில் மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டி, கணையம் வீங்கும் ஆபத்து இருக்கும்போது அந்த மருந்துக்கு முக்கிய இடம் உண்டு. ஆகவே கையில் சீட்டை வாங்கியதும் எச்டிஎல் குறைவு என்று கவலைப்படுகிறவர்களே, அதை ஏற்ற மருந்து தேடி அலையாதீர்கள். நடங்கள், புகையை விடுங்கள், எல்டிஎல்லை இறக்குங்கள்.

இந்தக் குறைந்த எச்டிஎல் நம் மக்களின் தனிப் பிரச்சினை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு 81 பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு. அதில் மிகப் பெரிய பங்கு குறைந்த எச்டிஎல்லுக்கு. மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு, தொப்பை, உடல் உழைப்புக் குறைவு மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை இது.

‘எங்கள் ஊர்க்காரர்கள் களி தின்று வளர்ந்தவர்கள், எங்களுக்கு ஏன் கொழுப்பு?’ என்று கேட்பீர்கள். கேழ்வரகுக் களியும் கொள்ளும் சாமையும் நல்ல உணவுதான். ஆனால் களி தின்ற தாத்தா காலையிலிருந்து மாலைவரை ஏர் ஓட்டினார். பேரன் அதே அளவு மாவுச்சத்தை மூன்று வேளைச் சோறாகச் சாப்பிட்டு, இடையில் சர்க்கரை தூக்கலாய் நான்கு டீ குடித்து, பைக்கில் போகிறான். எண்ணெயும் மாறிவிட்டது. இந்தப் பக்கம் நிலக்கடலை விளைகிற நிலம், செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் இருந்தது. இன்று ரேஷன் பாமாயில் இல்லாத வீடு குறைவு. பாமாயிலில் பாதி நிறைகொழுப்பு, கடலெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். நிறைகொழுப்புதான் எல்டிஎல்லை ஏற்றுவது. லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் எண்ணெயை ஏழைக் குடும்பம் வாங்கத்தான் செய்யும், அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. ரேஷனில் நிலக்கடலை எண்ணெய் கொடுங்கள் என்ற விவசாயிகளின் கோரிக்கையை ஒரு மருத்துவனாக நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அது நிலத்துக்கும் நல்லது, ரத்தக் குழாய்க்கும் நல்லது.

உணவை மாற்றினால் மட்டும் போதாதா? பலருக்குப் போதும். எல்டிஎல் 120 இருக்கும், வேறு நோய் எதுவும் இல்லாத முப்பது வயதுக்காரர் எண்ணெயை மாற்றி, தினமும் நடந்து, பீடியை விட்டால் மாத்திரையே வேண்டாம். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு 150-ஐ 55-க்கு இறக்கும் வலிமை கொள்ளு ரசத்துக்கும் பூண்டுக்கும் இல்லை. நாட்டு மருந்து நல்லதா கெட்டதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. கணக்கைச் சொல்கிறேன்.

நம் பகுதிக்கு மிக முக்கியமான ஒன்று இருக்கிறது, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சில குடும்பங்களில் கொழுப்பு பரம்பரையாக வரும். எல்டிஎல் ஏற்பியின் மரபணுவிலேயே பழுது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்தப் பழுது வந்தவர்கள் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர். அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே எல்டிஎல் உயர்ந்திருக்கும், 190-ஐத் தாண்டும். நாற்பதிலேயே மாரடைப்பு வரும். ‘அப்பாவும் சின்ன வயசிலேயே போயிட்டார், சித்தப்பாவும் அப்படித்தான்’ என்று சொல்வார்கள். தாயும் தந்தையும் இருவருமே இந்தப் பழுதுள்ளவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பக்கமும் பழுது சேரும். அந்தப் பிள்ளைக்கு எல்டிஎல் 400, 500 என்று இருக்கும். முழங்கை, முழங்கால், குதிகால் தசைநாணின் மேல் மஞ்சளாய்க் கட்டிகள் எழும். சிகிச்சை இல்லாவிட்டால் இருபது வயதுக்குள் மாரடைப்பு. ஏற்பியே இல்லாத பிள்ளைக்கு ஸ்டாட்டினும் அதிகம் உதவாது, ஏனென்றால் அது முளைக்கவைக்க வேண்டியதே அந்த ஏற்பியைத்தான். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரே குடும்பத்து மரபணு இருபுறமும் சேரும் வாய்ப்பு அங்கே அதிகம். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால், கல்யாணப் பேச்சு எடுக்குமுன் இரு பக்கமும் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் ஒருவருக்கு எல்டிஎல் 190-க்கு மேல் என்றால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் பாருங்கள். பிள்ளையின் தோலில் மஞ்சள் கட்டி தெரிந்தால் பாலுண்ணி என்று விட்டுவிடாதீர்கள்.

இனி பயங்களைப் பற்றி. ‘இந்த மாத்திரை கை கால் வலி கொடுக்கும், கல்லீரலைக் கெடுக்கும், சர்க்கரை வரவைக்கும்.’ மூன்றையும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தினமும் யாராவது சொல்கிறார்கள். அவற்றை நான் சிரித்து ஒதுக்குவதில்லை. தசை உண்மையிலேயே சிதைவதும் உண்டு. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்தை அதனால்தான் 2001-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இன்று நாம் கொடுக்கும் மருந்துகளில் அது மிக மிக அரிது. சிறுநீர் கறுத்து, தசை தாங்க முடியாமல் வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் வர வேண்டும். ஆனால் சாதாரணக் கை கால் வலி? இங்கிலாந்தில் ஓர் அழகான சோதனை செய்தார்கள். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரை அழைத்து, ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு குப்பிகள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று குறித்துவரச் சொன்னார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் உபாதை குறைவு. ஸ்டாட்டின் மாதத்தில் உபாதை அதிகம். வெற்று மாத்திரை மாதத்திலும் ஏறத்தாழ அதே அளவு அதிகம்! வலி பொய்யில்லை, அவர்களுக்கு உண்மையாகவே வலித்தது. அதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்து அல்ல, மாத்திரை விழுங்குகிறோம் என்ற அச்சம். முடிவைக் காட்டியதும் அவர்களில் பாதிப் பேர் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள்.

சர்க்கரை விஷயம் உண்மை, ஆனால் சிறிய உண்மை. 255 பேர் நான்கு ஆண்டு ஸ்டாட்டின் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. அதே 255 பேரில் ஐந்துக்கு மேற்பட்டோர் மாரடைப்பிலிருந்தோ இதய நோய் மரணத்திலிருந்தோ தப்புகிறார்கள். சர்க்கரையும் பெரும்பாலும் ஏற்கனவே எல்லையில் நிற்பவர்களுக்குத்தான் வருகிறது. கல்லீரல் நொதிகள் சிலருக்குச் சற்று ஏறும், தொடங்குமுன் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் மேல் இந்த மருந்தின் மிகப் பெரிய எதிரி பக்கவிளைவு இல்லை, இடைநிறுத்தம். புளி வியாபாரம் செய்யும் ஒருவர், ஸ்டென்ட் வைத்தவர், ஒரு நாள் மகிழ்ச்சியோடு வந்தார். எல்டிஎல் 62. ‘கொழுப்புத்தான் கொறஞ்சிடுச்சே சார், இனி மாத்திரை எதுக்கு?’ என்றார். மாத்திரை இருப்பதால்தான் 62. நிறுத்தினால் சில வாரத்தில் பழைய எண் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அவருக்குப் புரிந்தது. எத்தனை பேர் அப்படிக் கேட்காமலே நிறுத்திவிடுகிறார்கள்! 2011-ல் வெளியான பல நாட்டு ஆய்வில், இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகளில் இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். பணக்கார நாடுகளில் மூன்றில் இரண்டு பேர். அதற்குப் பிறகு மருந்து மலிந்திருக்கிறது, காப்புரிமை முடிந்து நம் நாட்டு நிறுவனங்களே தயாரிக்கின்றன. மருந்து வாங்கத் தமிழ்நாடு 1994-லேயே தனிக் கழகம் அமைத்த மாநிலம். மாத்திரை இருக்கிறது, அது விடாமல் வாய்க்குப் போவதுதான் குறை.

இங்கிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் விஷயத்தில் இதைக் கண்ணால் பார்க்கிறேன். ஒரு மாத மாத்திரையோடு போகிறார்கள், திரும்பி வர மூன்று மாதம் ஆகிறது. அங்கே கடையில் கேட்டால் எந்த மாத்திரை என்று சொல்லத் தெரிவதில்லை. கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் ஐந்து ஐந்தாக வெட்டிக் கொடுத்திருப்பார், பெயர் இருந்த பகுதி எங்கோ போயிருக்கும், கையில் இருப்பது வெறும் வெள்ளித்தாள். பெயர் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அட்டோர்வாஸ்டாட்டினையும் ரோசுவாஸ்டாட்டினையும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம், இரவுதான் என்ற கட்டாயம் இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது பல் தேய்க்கிற பழக்கத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டையாக விழுங்க வேண்டாம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் பெண் பணியாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது, ‘அம்மா, எனக்கு நாற்பது வயசு தாண்டிடுச்சு, சர்க்கரை இருக்குது, கொழுப்பு மாத்திரை வேணுமா?’ என்று கேளுங்கள். நாற்பது தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது தேவை. பெண்களே, உங்களுக்கும்தான். மாரடைப்பு ஆண்களுக்கு வருகிற நோய் என்று நீங்கள் மாத்திரையைக் கணவருக்கு எடுத்து வைத்துவிட்டு உங்களுக்குப் பரிசோதனையே செய்யாமல் இருக்கிறீர்கள். மாதவிலக்கு நின்றபின் உங்கள் எல்டிஎல்லும் ஏறுகிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட், பைபாஸ் எது நடந்திருந்தாலும், அந்த டப்பாவில் ஸ்டாட்டின் என்று முடியும் பெயருள்ள மாத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றாலோ, இருந்து நிறுத்தியிருந்தாலோ, பழைய சீட்டோடு நாளைக்கே பென்னாகரம் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். அங்கே பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் காசு கேட்க மாட்டார்கள். பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்கும் இன்று இரவே போன் செய்து கேளுங்கள்.